திமிங்கலத்துக்கு ஒரு துண்டு

வீட்டில் முதன்முதலாகப் படித்தவளுக்குத் 'தெரியாது' என்று சொல்லும் உரிமை கிடையாது. கரண்ட் ஏன் போனது, மழை ஏன் வரவில்லை, சர்க்கரை ஆலை ஏன் இன்னும் கரும்பு வெட்ட உத்தரவு கொடுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தாக வேண்டும். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். பதில் இல்லாத கேள்வியே என்னிடம் கிடையாது. (பாஸாகாத பேப்பர்கள் இருந்தன. அது வேறு விஷயம்.)

அந்த வருஷம்தான் அம்மா இறந்தாள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அம்மா போன பிறகு வெட்டப் போவார், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அம்மாவின் முகம் மறந்துகொண்டே வருகிறது என்பதுதான் அவருடைய பயம். போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாலே முந்தானையால் மூடிக்கொள்கிற முகம் அது. மிஞ்சியது ரேஷன் கார்டில் இருக்கிற படம் ஒன்றுதான். அதில் யாராக இருந்தாலும் கோழி திருடிப் பிடிபட்டவர் மாதிரிதான் இருப்பார்கள்.

"இது அவ இல்லம்மா. அவ மூஞ்சி இப்பிடியா இருந்துச்சு?" என்று அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

விடுமுறைக்கு வந்த நான், அவர் மனசு கொஞ்சம் மாறட்டும் என்று கள்ளக்குறிச்சிக்கு மேட்னி ஷோ அழைத்துப் போனேன். கூடவே சின்னம்மாவும் வந்தாள். அம்மாவின் தங்கை. தமிழில் டப் செய்த அறிவியல் படம். விர்ச்சுவல் ரியாலிட்டி பற்றியது என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். விடுதியில் எல்லாரும் புரியவில்லை என்று சொன்ன படம். எனக்குப் புரியும் என்று பார்க்காமலே நான் சொல்லி வைத்திருந்த படம்.

"அப்பிடின்னா இன்னாம்மா?"

"கண்ணாடி ஒண்ணு மாட்டினா வேற உலகம் தெரியும்ப்பா. பொய் உலகம். ஆனா நெசம் மாதிரியே இருக்கும்."

கதாநாயகனுக்கு மனைவி இறந்துவிடுகிறாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் அவள் உயிரோடு வருகிறாள், துணி மடிக்கிறாள், சண்டை போடுகிறாள். ஒவ்வொன்றையும் நான் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, படத்தையும் கொஞ்சம் பேச வுடு" என்றது பின்வரிசை.

இடைவேளைக்குப் பிறகு, கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு கண்ணாடி. அதைக் கழற்றினால் இன்னொன்று.

"இப்ப இவன் உள்ள கீறானா, வெளிய கீறானா?" என்று கேட்டார் அப்பா.

"உள்ள."

"இப்ப?"

"வெளிய."

"இப்ப?"

(எனக்கே வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.)

"ரெண்டாம் பாதிய மொதல்ல போட்டுட்டானுங்கடா!" என்று எவனோ கத்தினான். சின்னம்மா குறட்டையே விட்டாள். கடைசிக் காட்சியில் அந்த மனைவி, "நான் எங்கயும் போகலையே" என்று சொல்ல, படம் முடிந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கல்வராயன் மலை மேல் மேகம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "செத்தவங்கள எப்பிடிமா அதுல கொண்டாராங்க?"

"அவங்களப் பத்தின டேட்டா குடுத்தா கம்ப்யூட்டரே உருவாக்கிடும்ப்பா."

"அதுன்னா?"

"இன்னா சாப்பிடுவாங்க, இன்னா துணி கட்டுவாங்க, எது புடிக்கும், அதெல்லாம்."

"அந்தக் கண்ணாடி உங்க காலேஜ்ல கீதா?"

"எங்க லேப்லயே கீதுப்பா!" என்றேன், நானே செய்து வைத்தது போல.

அம்மாவின் முதல் தெவசம் வந்தது. "வரும்போது அந்தக் கண்ணாடிய எடுத்துக்கினு வா" என்று அப்பா போனில் சொன்னார். மகள் படிக்கிற படிப்பைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டப் போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப் சாரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீடு நிறையக் கூட்டம். தலைவாழை இலையில் அம்மாவுக்குப் பிடித்த களி, கருவாட்டுக் குழம்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை அவித்தது, வெற்றிலை பாக்கு. அம்மா ஆசைப்பட்டும் வாங்காத கத்தரிப்பூக் கலரில் புதுப்புடவை. அந்தப் புடவை மேல், நான் கொண்டுவந்த கண்ணாடியை வாங்கி வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினார் அப்பா. ஆயுத பூஜை மாதிரி என் படிப்புக்கு மரியாதை செய்கிறார் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

பிறகு அவரே இலை முன்னால் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டார். "போடும்மா."

அதில் இருந்ததெல்லாம் கடலுக்கு அடியில் போவது போல ஒரு டெமோ படம்தான். போட்டேன்.

"ஒரே தண்ணியா கீது" என்றார். கையை முன்னால் நீட்டித் துழாவினார். "மீனுங்க போவுது... யம்மாடி! பெருசா ஒண்ணு வாயத் தொறந்துக்கினு வருது!"

பக்கவாட்டில் சாய்ந்து இலை மேலேயே விழுந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் கருவாட்டுக் குழம்பு. வீடே சிரித்தது. "அது திமிங்கலம்ப்பா!" என்று விளக்கம் சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை. குழம்பில் உட்கார்ந்தபடியே மெதுவாக ஒவ்வொரு பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"உங்கம்மா எங்கம்மா? எல்லாத்தயும் வச்சேனே. இன்னா வைக்காம வுட்டேன்?"

சிரிப்பு அப்படியே நின்றது. பஸ்ஸில் நான் பேசியது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

"அதுல அம்மா வராதுப்பா."

அப்பா அதைக் கழற்றினார். கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துண்டால் பதமாகத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "காலேஜ் சாமான். பத்திரமா கொண்டும்போய்க் குடு."

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு தெவசத்துக்கும் போய்விடுவேன். படையல் போடும்போது சின்னம்மா தவறாமல் சொல்வாள்: "மாமா, திமிங்கலத்துக்கு ஒரு துண்டு வையி. இல்லன்னா இந்த வருசமும் உன்னத் தள்ளிடும்." அப்பாவும் சிரித்துக்கொண்டே ஒரு கருவாட்டுத் துண்டைத் தனியாக எடுத்து வைப்பார். புதிதாக வந்த உறவுக்காரர்கள் யாராவது என்ன கதை என்று கேட்டால் அவரேதான் சொல்வார், தண்ணீரையும் மீன்களையும் கையை ஆட்டி நடித்துக் காட்டுவார். திமிங்கலம் வாயைத் திறக்கிற இடம் வரைக்கும் சொல்வார். எல்லாரும் சிரிக்க ஆரம்பித்ததும், கை கழுவ எழுந்து போய்விடுவார்.