டெட் வெயிட் ஏழாயிரம்

பதறிக்கொண்டிருப்பவரிடம் விவரம் சொல்லவே கூடாது. "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. (படித்த திமிர் வேறு.)

என் கணவருக்குச் சின்ன சரக்குக் கப்பலில் வேலை. நிலக்கரி, உரம் என்று மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல். கல்யாணமான புதிதில், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மாமியார் என் நாவலூர் ஆபீசுக்குத் தினமும் போன் செய்வார். நாஸ்தா முடித்து ஒரு முறை, மீன் விற்றுவிட்டு ஒரு முறை. "கப்பல் எங்க கீது?" கப்பல் போகும் வழியை மொபைலில் பார்க்கலாம் என்று அவருக்குச் சொன்ன புண்ணியவதி நானேதான்.

அன்று காக்கிநாடா பக்கம் கப்பல் அசையவே இல்லை. கணவரின் போனும் அணைந்திருந்தது. நானோ மீட்டிங்கில்.

"காலைலருந்து நின்னுகினே கீதுன்றியே, இன்னாம்மா ஆச்சு?"

"துறைமுகத்துல இடம் காலியாகலன்னா வெளிய நிக்கும் அத்தை."

"மறைக்காத. அதுல வேற இன்னா போட்டுகீது?"

எரிச்சலில், திரையில் இருந்த கப்பல் விவரத்தை அப்படியே படித்தேன். "நீளம் நூறு மீட்டர். அகலம் பதினாறு. டெட் வெயிட் ஏழாயிரம்..."

"டெட்டா?"

லைன் கட்டானது. (கப்பல் சுமக்கும் எடைக்கு இப்படிப் பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!) திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை. லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வாசலில் குப்பமே கூடியிருந்தது. "ஏழாயிரம் பேராம்!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். கொழுந்தன் காக்கிநாடா போகப் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, அது கப்பல் தூக்குற எடைங்க!" என்று கத்தினேன்.

"பாவம், பொண்ணுக்கு மூள கலங்கிப் போச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்.

மூச்சு முட்டும் அந்தப் பிடியில்தான் என் போன் அடித்தது. வீடியோவில், தூக்கக் கலக்கத்தோடு கணவர்.

"சார்ஜ் போட்டுட்டு தூங்கிட்டேன். பின்னாடி இன்னா கும்பலு? யாரு பூட்டாங்க?"

ஒப்பாரி சட்டென்று நின்றது. குப்பம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதையும் சொல்ல என்னை விடுவதில்லை. போன மாதம் நாத்தனாருக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து சந்தோஷமாகப் போன் செய்து, "பொண்ணு அத்தை! வெயிட்டு மூணு கிலோ..." என்று ஆரம்பித்தேன்.

மாமியார் சொன்னார்: "நீ பேசாத. போனை நர்சாண்ட குடு."