பேஸ்ட் பாவாவும் அம்மாவின் மூன்று பட்டையும்

திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியையும் முட்டி போட்டே ஏறிவிடலாம். பேஸ்ட் பாவாவின் ஷெட்டில் விட்ட காரைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். இன்ஜின் நன்றாக ஆறுகிறவரை ஸ்பானரைத் தொடமாட்டார். ‘கொஞ்சம் அவசரங்க’ என்று சொல்லிவிட்டால் போச்சு, பானெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். தெலுங்கில் பாவா என்றால் அக்கா புருஷன்; இவர் ஊருக்கே பாவா. யாருடைய அக்காவைக் கட்டி பாவா ஆனார் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

என் பழைய காருக்கு ஒரு வியாதி. சூடானால் நின்றுவிடும், அதுவும் சரியாகக் கனகம்மாசத்திரத்தில். அம்மாவுக்கு ஒரு வியாதி. செவ்வாய், வெள்ளி தவறாமல் திருவள்ளூரில் டயாலிசிஸ். இரண்டுக்கும் டிரைவர் நான் ஒருவன்தான். ஒரு வெள்ளிக்கிழமை கார் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில், அம்மாவைப் பாதி நேரம்தான் மெஷினில் போட்டார்கள். கால் வீங்கிப்போய்த் திரும்பினாள். செவ்வாயும் இப்படி ஆனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பாவா காரைப் பார்த்தார். “இக்னிஷன் மாட்யூல் பூட்ச்சி சார். புதுசு வாங்கினு வாங்க.” தீப்பொறியைக் கவனிக்கும் சின்னப் பெட்டி அது.

ஸ்பேர்ஸ் கடைக்காரர் பெரிய பக்திமான். நட்டு வாங்கினாலும் பையில் ஒரு விபூதிப் பொட்டலம் போட்டுத்தான் கொடுப்பார். அன்றைக்கு மாட்யூலோடு வெள்ளையாக ஒரு குட்டிப் பாக்கெட் இருந்தது. விபூதியைக் குழைத்தே கொடுக்க ஆரம்பித்துவிட்டார் போல என்று நினைத்து, அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

“பேஸ்ட்டு பாக்கெட் எங்க சார்?”

“எந்த பேஸ்ட்டு?”

“பொட்டியோட வந்திருக்குமே, வெள்ளையா! அத அடியில தடவாம மாட்டுனா சூடு கீழ எறங்காது. புதுசும் ரெண்டு நாள்ல பூடும்.”

“உங்ககிட்ட இல்லியா?”

“என்து தீந்துபோச்சி.”

“இந்த ஒருவாட்டி சும்மா மாட்டுங்க பாவா. நாளைக்கு அம்மாவ இட்டுக்கினு போவணும்.”

“அதுக்குத்தான் மாட்டமாட்டேன்னு சொல்லிகினு இருக்கேன்!”

வெள்ளை என்றதும் எனக்கு அந்த விபூதிப் பாக்கெட் ஞாபகம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவரே என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் அம்மா முருகன் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். நெற்றியில் பளீரென்று மூன்று பட்டை. முருகனுக்கும் அதே. “என்னடா, இந்த விபூதி காயவே மாட்டேங்குது?”

பாவா சிரிக்கவில்லை. பாக்கெட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பட்டாணி அளவு மிச்சம் இருந்தது. அம்மா விடவில்லை.

“சாமிகிட்ட வெச்சத வண்டிக்கா பூசுவாங்க, நைனா?”

“அந்தச் சாமிதாம்மா நாளைக்கு உங்கள ஆஸ்பத்திரில சேக்கணும். குடுங்க. நெத்தியில தேங்கா எண்ணெ போட்டு நல்லாத் தொடைங்க.”

ஷெட்டில் அந்தப் பட்டாணியை விரல் நுனியால் மாட்யூலின் அடியில் மெல்லிசாக இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். நான் கொட்டாவி விட்டு ஓய்ந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். கனகம்மாசத்திரம் நெருங்க நெருங்க முருகா முருகா என்று முணுமுணுத்தேன். கார் நிற்கவில்லை! பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் மொபெட்டில் பாவா. டீக்கடையைத் தாண்டி எங்குமே போகாத மனுஷன். ஓரம் கட்டினேன்.

“எங்க பாவா இந்தப் பக்கம்?”

“நீங்க ஏன் நிறுத்துனீங்க? அம்மாக்கு நேரமாவுது, போங்க சார். பேஸ்ட்டு கம்மியாப் போச்சி இல்ல, அதான் கூட வந்துகினு இருக்கேன்.”

திருவள்ளூர்வரை வந்தார். அம்மா பின் சீட்டில் தூங்கிப்போயிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தச் சாலையில் தன்னந்தனியாக ஓட்டி அலுத்துப்போனவன் நான். கூட ஒருவர் வருகிறார் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.