நான் ஆரத்தி ஊற்றிய செடி

எனக்குப் பணிவு கொஞ்சம் குறைவு. அதிலும் வீட்டுக்கு வருபவர்களை வரவேற்கும் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. (இதுவரை ஒரே ஒரு செடிதான் பாதிக்கப்பட்டிருக்கிறது.)

என் மகள் பொன்மணி செடிகொடிகளை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊசி போடத் தெரியாத டாக்டர். எழுமலையிலிருந்து என் நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம், "மதினி, பிள்ளை இன்னுமா படிக்குது?" என்பாள். படிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. வேலைதான் நிலைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஆராய்ச்சித் திட்டம் வந்தால் சம்பளம் வரும். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். அடுத்தது வரும்வரை பிள்ளை மொட்டை மாடியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அதில் ஒன்று மேலூர்ப் பக்கத்துப் பாறையில் முளைக்கிற செடி. அந்தப் பாறையைக் கல்லுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு இவள் பொறுக்கிவந்த விதையில் ஒன்றே ஒன்று பிழைத்தது. விரல் உயரம். என் கண்ணுக்கு அது களை.

அந்தக் களையைப் பார்க்க ஒரு தாவரவியல் பூங்காவின் இயக்குநரே வருவதாகச் சொன்னார். பூங்காவில் நிரந்தர வேலை. இன்டர்வியூ முடிந்திருந்தது. செடியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். வயது வரம்பைப் பார்த்தால் பொன்மணிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"அம்மா, காபி மட்டும் போதும். கேசரி, பஜ்ஜி, ஆரத்தி ஒண்ணும் வேணாம். அவங்க பொண்ணு பாக்க வரல."

"அதைவிடப் பெரிய காரியமா வாராக. வாசல்ல சும்மா நிக்கவச்சுக் கூப்பிட்டா நல்லாவாடி இருக்கும்?"

இயக்குநரும் ஒரு பேராசிரியை அம்மாவும் காரிலிருந்து இறங்கினார்கள். நான் தட்டோடு நின்றேன். மகள் பல்லைக் கடித்தாள். இயக்குநர் மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் அன்றைக்கு அருமையான சிவப்பில் வந்திருந்தது. சுற்றி எடுத்து, அவர் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டும் வைத்துவிட்டேன்.

ஆரத்தித் தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். வழக்கமாகத் தெரு முக்கில் ஊற்றுவேன். அன்று குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வாசல் ஓரம் ஒரு தொட்டி இருந்தது. தொட்டியை யார் மிதிக்கப் போகிறார்கள்? அதில் ஊற்றினேன். (வந்தவர்கள் மாடி ஏற வேண்டாமே என்று காலையில்தான் மகள் அதை இறக்கி வைத்திருக்கிறாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. குனிந்து பார்க்கிற பழக்கமும் எனக்கு இல்லை.)

காபி குடித்துவிட்டு வெளியே வந்தார்கள். இயக்குநர் தொட்டி முன்னால் மண்டிபோட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இலை ஓரமெல்லாம் செவப்பு! நரம்பிலயும் ஓடுது! இதை நீங்க எழுதவே இல்லையேம்மா?"

பேராசிரியையும் குனிந்தார். "எந்தப் புத்தகத்துலயும் இப்படிப் பாத்ததில்ல சார். புது வகையாவே இருக்கலாம்."

நான் பூரித்துப்போனேன். எடுத்த ஆரத்திக்குக் காபி டம்ளர் கழுவுமுன் பலன்!

பொன்மணி இலையைப் பார்த்தாள். வாசல்படியில் நான் வைத்துவிட்டுப் போன காலி ஆரத்தித் தட்டைப் பார்த்தாள்.

"சார், இது வகை இல்ல. ஆரத்தி."

பேராசிரியை மெல்லத் தலையைத் தூக்கி இயக்குநரைப் பார்த்து, "ஆமா சார். உங்க நெத்தியிலயும் இதே வகைதான் இருக்கு" என்றார்.

சுண்ணாம்பு வேரைச் சுட்டுவிடும் என்று இயக்குநரும் மகளும் உட்கார்ந்து, இலை இலையாகக் கழுவி, என் கோலத்தின் மேலேயே மண்ணைக் கொட்டித் தொட்டி மாற்றினார்கள். கிளம்பும்போது "வர்றேம்மா" என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏண்டி, அம்புட்டுப் படிச்சவுகளே புதுசுங்கிறாக. நீ எதுக்கு வாயத் தொறந்த?"

"ஒரு மழை பேஞ்சா அந்தப் புது வகை கழுவிட்டுப் போயிரும்மா. அப்புறம் எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

"இப்ப மட்டும் தட்டுல வச்சுக் குடுக்கப் போறாகளாக்கும்."

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நாத்தனார் போனைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஒரு மாதம் போல அப்படிப் போன பிறகு வேலை உத்தரவு வந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை உண்மையைச் சொன்னதற்காக என்கிறார் என் வீட்டுக்காரர். ஆரத்தி என்கிறேன் நான்.

செடியும் அவளோடு பூங்காவுக்குப் போய், இப்போது ஒரு பாத்தி நிறையப் பெருகிவிட்டது. இங்கே வீட்டில் நான் ஆரத்தித் தட்டை எடுத்தால், வீட்டுக்காரர் எழுந்துபோய்த் துளசிக்கு முன்னால் நின்றுகொள்கிறார்.

போன மாதம் பூங்காவைப் பார்க்கப் போனோம். வாசலில் ஒரு பலகை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். முடிக்கும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள். பூக்களைப் பறிக்காதீர்கள். செடிகளைத் தொடாதீர்கள். அதற்குக் கீழே, ஆரத்தி ஊற்றாதீர்கள்.

"வாரவுக எல்லாம் இது எதுக்குன்னு கேக்குறாகம்மா. எங்களுக்கே தெரியல" என்றார் காவலாளி. மகள் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னேன்: "எனக்குத்தேன்."