பத்து ஓம்

கொழும்பு வெள்ளவத்தையில் ‘ஓம்’ என்ற சொல்லால் அவதிப்பட்ட ஒரே மனிதர் எங்கள் லொட்ஜில்தான் இருந்தார். ரியூஷனில் பௌதிகம் படிப்பித்தவர். சொந்தப் பெயர் லொட்ஜ்காரருக்கே மறந்துபோய், ஓம் மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

மின்தடையை அளக்கிற அலகும் ஓம், ஆமாம் என்பதற்கு நாங்கள் தலையாட்டிச் சொல்வதும் ஓம். இந்தக் குழப்பத்தை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிட்டாச்சோ என்று அவர் கேட்டு நாங்கள் ஓம் என்றால், “எத்தனை ஓம்?” என்பார். தான் மட்டும் ‘சரி’ என்றுதான் சொல்வார்.

குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் நாங்கள் லொட்ஜ்காரரைத் திட்டுவோம். மாஸ்டர் குழாயைப் பாராட்டுவார். மெல்லிய கம்பியில் மின்னோட்டமும் இப்படித்தான் தடைப்படுமாம். கண்ணில் சவர்க்கார நுரையோடு நிற்கிறவனுக்கு அது என்ன ஆறுதல்?

யுத்த காலம். தமிழர் நாலு பேர் சேர்ந்து நடந்தாலே ஆமியின் காவல் சென்றியில் மறிப்பார்கள். அதற்கும் அவரிடம் பாடம் இருந்தது. பல்புகளைத் தொடராக இணைத்தால் ஒன்று போக எல்லாம் அணையும். சமாந்தரமாக, ஆளுக்கொரு வழி கொடுத்தால் மற்றவை எரியும். ஆகவே காலையில் வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராகத்தான் வேலைக்கு விடுவார், பட்டி திறந்து மாடு விடுவதுபோல.

ஒருநாள் கொட்டாஞ்சேனையில் வகுப்பு முடித்து வந்தவரின் பையைச் சந்திச் சென்றியில் திறந்தார்கள். பற்றரி, வயர், பல்பு, கம்பிச் சுருள். அந்தக் காலத்தில் தமிழன் பையில் இருக்கக்கூடாத எல்லாமே இருந்தன. சுருளைத் தூக்கிக்காட்டி, இது குண்டுக்கா என்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன். மாஸ்டருக்குத் தெரிந்த சிங்களம், கடையில் விலை கேட்கிற ‘கீயத’ மட்டும். சிங்களத்தில் எது கேட்டாலும் எவ்வளவு என்று கேட்பதாகவே நினைப்பார். சந்தோஷமாகச் சொன்னார்: “பத்து ஓம்.”

ஆமிக்காரனுக்குத் தெரிந்த தமிழ் ‘ஓம்’ மட்டும்.

மாஸ்டரைப் பொலிசுக்குக் கொண்டுபோன செய்தியைச் சந்திக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். நாங்கள் போனால் எங்களையும் உள்ளே போடலாம். போகாவிட்டால், கேட்க ஆளில்லாத மனிதரை எங்கே அனுப்புவார்களோ. அந்த ‘எத்தனை ஓம்’ இல்லாத லொட்ஜை எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை. அவருடைய பாடப்படி தனித்தனியாகப் போயிருக்க வேண்டும். தனியே போக ஒருவருக்கும் துணிவில்லை. லொட்ஜ் முழுவதும் ஒரே வரிசையில் போனது.

அங்கே பொலிஸ் சார்ஜன்டின் மேசையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுருளை இடையில் இணைத்தால் பல்பு மங்கியது, எடுத்தால் பளிச்சென்று எரிந்தது. சார்ஜன்ட் தானும் செய்துபார்த்துச் சிரித்தார். ஆனாலும் இவருக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒருமிக்க முன்னால் வந்தோம்.

வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று பார்த்தால், ஏச்சு.

“தொடரா வந்து நிக்கிறியள். உங்களையும் பிடிச்சிருந்தா? ஒரு பல்பு போனாப் போதாதோ? இனிமேல் இப்பிடி வரக்கூடாது, விளங்கினதோ?”

“ஓம் மாஸ்டர்” என்றோம்.

எத்தனை என்று அவர் கேட்கவில்லை. லொட்ஜ் வரும்வரை எங்கள் வரிசைக்கு நடுவிலேயே நடந்து வந்தார்.