பசையார் வீட்டை அழகாக்கினார்

காலி பாட்டிலைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? காலி பாட்டில் என்று தோன்றுகிறது. நல்லது, நீங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. பார்த்தால் நம்மைப் போலவேதான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வரிசையில் நிற்பார்கள், பெரியவர்களுக்கு எழுந்து இடம் விடுவார்கள். ஒரு காலி பாட்டிலைக் காட்டுங்கள், அப்போது தெரியும் சங்கதி. கண் இடுங்கும், தலை ஒரு பக்கம் சாயும், பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள், பிறகு மந்திரம் வெளியே வரும்: "இதைத் தூக்கிப் போடாதீங்க. இதுல ஒண்ணு பண்ணலாம்."

செலவில்லாமல் வீட்டை அழகுபடுத்துகிறவர்கள் என்று இந்த இனத்துக்குப் பெயர். அவர்களே வைத்துக்கொண்ட பெயர். வீட்டிலிருப்பவர்கள் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பார்சல் அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளர். விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும் என்பதால் தெருப் பிள்ளைகள் அவரைப் 'பசை மாமா' என்றார்கள்; பெரியவர்கள் மரியாதை கெடாமல் 'பசையார்' ஆக்கிக்கொண்டார்கள். அவர் வேலை பார்க்கும் இடமோ அட்டைப்பெட்டியும் சணல் கயிறும் பேக்கிங் பலகையும் கொட்டிக் கிடக்கும் இடம். குடிகாரனைக் கொண்டுபோய்ச் சாராயக் கடையில் கணக்கெழுத உட்கார வைத்த மாதிரி. மாலையில் மற்றவர்கள் கைவீசிக்கொண்டு வீடு திரும்பினால், பசையார் மட்டும் வண்டிக்குப் பின்னால் நாலு பலகையைக் கட்டிக்கொண்டு, தெருவையே ஒதுங்க வைத்துக்கொண்டு வருவார்.

இவருக்கு இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று கேட்கிறீர்களா? எல்லாருக்கும் பிடிக்கிற இடத்திலிருந்துதான், கைப்பேசியிலிருந்து. அந்த வீடியோக்களில் இரண்டு கைகள் மட்டும் வரும், கவனித்திருக்கிறீர்களா? சுத்தமான கைகள். அவை வெட்டும், ஒட்டும், கயிறு சுற்றும், ஒரு கணத்தில் பழைய டயர் அரசாங்க மாளிகை நாற்காலி ஆகிவிடும். முகத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். காட்டினால் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரியின் முகத்தையும் காட்ட வேண்டி வருமே!

பசையார் வீட்டில் எந்தப் பொருளும் தன் சொந்த வேலையைச் செய்வதில்லை. ஏணி புத்தக அலமாரியாகிவிட்டது. ஆகையால் பல்பு மாற்ற நாற்காலி மேல்தான் ஏற வேண்டும். நாற்காலி மேலே ஏற்கெனவே பூச்சட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாவு சலிக்கிற சல்லடை விளக்குக்கு மூடியாகிக் கூடத்தில் தொங்குகிறது. அவர் மனைவி மாவு சலிக்கும் நாளில் கூடத்து விளக்கு அம்மணமாக நிற்கும். பழைய பேன்ட்டின் கால்கள் இரண்டும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு, ஒன்றில் குடையையும் மற்றொன்றில் செய்தித்தாளையும் வைத்திருக்கின்றன. முதன்முதலாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு கணம் பயந்துபோவதுண்டு.

அலங்கரிக்கச் சொன்னால் ராப்பகல் பார்க்காத இந்த இனத்தார் எதையாவது பழுது பார்த்து நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருக்கவே முடியாது. பழுது பார்த்தால் பொருள் பழையபடி ஆகிவிடும். அதில் என்ன கலை இருக்கிறது? பசையார் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தபோது அவர் ஒரு பலகையைத் தேய்த்து, வண்ணம் பூசி, ஓரத்தில் கூழாங்கல் பதித்து, 'உள்ளே ஆள்' என்று அழகாக எழுதிக் கதவில் மாட்டினார். தாழ்ப்பாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பலகையை நம்பி உள்ளே போன மைத்துனர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் குளிப்பதில்லை.

இவர்கள் பேச்சுக்குத் தனி அகராதி உண்டு. செய்தது கோணலாக நின்றால், "கையால செஞ்சா அப்படித்தான், அதுதான் அழகே." தொப்பென்று விழுந்தால், "இன்னும் சரியா காயலை." பாதியில் போட்டு மாதக்கணக்கானால், "ஃபினிஷிங் மட்டும்தான் பாக்கி." இந்த ஃபினிஷிங் என்பது அடிவானம், பசையார் இதுவரை அதைத் தொட்டதில்லை.

விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்பே கையைப் பிடித்துச் சுவர் சுவராக அழைத்துப்போய், "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்று பரீட்சை வைப்பார். விருந்தாளி விழிப்பார். "பிளாஸ்டிக் கரண்டிங்க! காம்பை வெட்டிட்டு, கண்ணாடியைச் சுத்தி ஒட்டிருக்கேன். செலவே இல்லை!" விருந்தாளி, "ஓ, கரண்டியா..." என்பார். அந்த 'ஓ'வில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பசையாருக்கும் தெரியும், பாவம். அவர் காத்திருப்பது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: "இது கடையில வாங்கினதா?" இத்தனை வருஷத்தில் ஒரு ஜென்மம்கூட அதைக் கேட்டதில்லை.

இத்தனையும் வாடகை வீட்டில் நடக்கிறது என்பதை இன்னும் சொல்லவில்லையே! வீடும் ஒன்றும் பெரிய வீடு இல்லை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பின்பக்கம். கூடத்தில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். முன் சுவரில் பெரிய ஈரத் திட்டு. ஆனாலும் பசையாரின் மனைவிக்கு அந்த வீடுதான் உயிர். அவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மருத்துவமனை அடுத்த தெருவில் இருக்கிறது. நாளெல்லாம் வார்டில் நின்று நின்று முழங்கால் வீங்கிப்போன அந்த அம்மாள், சாப்பாட்டு நேரத்தில் நடந்து வந்து, கால் நீட்டிக் கொஞ்சம் படுத்துவிட்டுத் திரும்பிப் போவார். அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துத்தான் அவர் மீதி நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் பசையாரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"ஏங்க, கையில இருக்கற கத்திரிக்கோலை வெச்சிட்டு நான் சொல்றதைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரம்மா வர்றாங்க. கூட அவங்க பொண்ணும் வருது. பொண்ணுக்கு இந்த ஊருக்கே மாத்தலாயிடுச்சாம்."

"வரட்டுமே. நமக்கென்ன?"

"வீடு பிடிச்சிருந்தா அந்தப் பொண்ணு குடிவரும், நாம காலி பண்ணணும். பிடிக்கலைன்னா நமக்கே விட்டுடறேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, இது என்ன குகை மாதிரி இருக்குன்னுட்டுப் போச்சு, ஞாபகம் இருக்கா?"

"குகைன்னா சொன்னா?" பசையாருக்குச் சுருக்கென்றது.

"சொல்லட்டுங்க, நல்லா சொல்லட்டும்! அந்த இருட்டும் ஈரமும்தான் நம்மளக் காப்பாத்திட்டிருக்கு. இதை விட்டா ரெண்டு பஸ் மாறி வரணும், என் காலு தாங்காது. உங்களை நான் எதுவும் கேட்டதில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஞாயிறு வரைக்கும் எதையும் தொடாதீங்க. ஒரு ஆணிகூட அடிக்க வேணாம்."

"சரிம்மா, தொடலை. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றே!"

அவர் மனதாரத்தான் சொன்னார். இந்த இனத்தார் பொய் சொல்ல மாட்டார்கள். சொன்னபடி இருப்பார்களா என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மனைவி டியூட்டிக்குப் போனார், மகள் கல்லூரிக்குப் போனாள். வீட்டில் பசையாரும் சுவரும் மட்டும். குகையாம்! ஊரெல்லாம் குப்பையில் போடுகிற சாமானை வைத்துத் தான் கட்டிக் காத்துவரும் வீடு குகையாம்! ஈரத் திட்டை மட்டும் மறைத்தால் என்ன, அது அலங்காரம் ஆகாது, மானம் காப்பது என்று தமக்குத் தாமே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, அலுவலகத்தில் மிச்சமான ஒரு டப்பா இளமஞ்சள் பெயின்டை எடுத்துத் திட்டின் மேல் பஞ்சால் ஒற்றினார். திட்டு மறைந்தது. ஆனால் மற்ற இடமெல்லாம் இப்போது அழுக்காகத் தெரிந்தது. அதனால் அந்தச் சுவர் முழுக்க ஒற்றினார், அதற்கு ஜோடியாக எதிர்ச்சுவரிலும் ஒற்றினார், ஒற்றின சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று கரண்டிக் கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே ஒட்டினார், கண்ணாடி தனியாக நிற்கிறதே என்று உடைந்த கண்ணாடிச் சில்லுகளையும் பழைய சிடிக்களையும் அதைச் சுற்றிப் பதித்தார், மதியம் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, பேக்கிங் பலகையில் ஓர் ஊஞ்சல் அலமாரி, மனைவியின் கைத்தறிப் புடவையில் திரை, அதற்குக் கயிற்று முடிச்சு.

மாலை வெயில் பின்ஜன்னல் வழியாக வந்து கண்ணாடியில் விழுந்தது. கூடம் முழுக்க வெளிச்சம் சிதறியது.

அட, என்னவென்று சொல்வது! வாழ்க்கையில் முதல் தடவையாகப் பசையார் செய்த ஒன்று உண்மையிலேயே அழகாக அமைந்துவிட்டது. எது எப்போது அமைய வேண்டும் என்று ஒரு கணக்கு வேண்டாமா?

மனைவி வீடு திரும்பி வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

"நல்லா இருக்குங்க," என்றார் மெல்ல. திட்டியிருந்தால் பசையாருக்குச் சமாதானமாக இருந்திருக்கும். பிறகு அந்த அம்மாள் நேரே போய்க் கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மகள் ஓடிவந்து தோசைக்கரண்டியைக் கொடுத்து நெம்பினாள். ஒரு சில்லுகூட அசையவில்லை.

"ஒட்டிக்கிச்சும்மா," என்றாள் மகள். "இத்தனை வருஷத்துல அப்பா ஒட்டினது எதுவுமே நின்னதில்லை. இன்னிக்குப் பாத்து நெஜமாவே ஒட்டிக்கிச்சு."

"புதுப் பசை," என்றார் பசையார். பெருமையை அவரால் அடக்க முடியவில்லை. "ஆபீசுல இரும்புப் பெட்டிக்குப் போடறது."

ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே வெயில் நேரத்தில் வீட்டுக்காரம்மா மகளோடு வந்தார். மகள் ஒரு காலை உள்ளே வைத்தாள், மறு காலை வைக்க மறந்தாள்.

"அம்மா, இது அந்த வீடா?"

இன்னும் எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. பசையார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலுக்குத்தான் பூச்சு, உள்ளே ஈரம் ஊறிப்போயிருக்கிறது, மழை பெய்தால் சுவரில் வழியும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். நர்ஸம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் சொன்னார். புருவத்தால் சொன்னார். பசையாரின் மகள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்காரம்மா மகள் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அங்கிள், இது கடையில வாங்கினதா?"

அவ்வளவுதான். பசையாரின் முகம் மலர்ந்ததே, அப்படி அது தங்கள் கல்யாணத்தில்கூட மலரவில்லை என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

"கடையா! பிளாஸ்டிக் கரண்டிம்மா! அது பழைய சிடி! செலவே இல்லை!"

"நம்பவே முடியலை அங்கிள். போன தடவை ஒரே இருட்டா இருந்துச்சே. ஈரம்கூட இருந்த ஞாபகம்."

"ஈரமா? இந்த வீட்லயா? சேச்சே, வீட்டோட அமைப்பே அருமையான அமைப்பும்மா. நல்லா வெளிச்சம் வர்ற வீடு. பாக்கத் தெரிஞ்சவங்க இத்தனை நாள் பாக்கலை, அவ்வளவுதான்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அங்கே நின்ற ஒருவரைத் தவிர எல்லாருக்கும் புரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க," என்று நர்ஸம்மாவிடம் சொன்னார் வீட்டுக்காரம்மா. "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் நேரம் எடுத்துக்குங்க. பொண்ணு ஆசைப்படறா." பிறகு பசையாரிடம், "காலி பண்ணும்போது இதையெல்லாம் கழட்டிடுவீங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"கழட்டறதா? தாராளமா வெச்சுக்குங்க! படுக்கையறைச் சுவர் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

அவர்கள் போன பிறகு நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி அழுதார். சத்தமில்லாமல், வார்டில் பழகின அழுகை. பசையாருக்கு மனது கேட்கவில்லை. கல்மனசுக்காரர் இல்லை அவர். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பசை காய்ந்த விரலால் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்து, தம்மால் முடிந்த ஆறுதலைச் சொன்னார்.

"கவலைப்படாதே. போற வீட்டை இதைவிட ஜோராப் பண்ணிடலாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. 'நல்லவேளை, நான் ஒரு காலி பாட்டிலைக்கூட எடுத்து வைப்பதில்லை' என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறீர்கள். பாட்டிலை விடுங்கள் ஐயா. இந்த இனம் பாட்டிலோடு நிற்பதில்லை. சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள், சிலர் ஊருக்கெல்லாம் உபகாரம் செய்வார்கள். எல்லாம் வீட்டாருக்காகத்தான். கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் இருப்பவர் கடைசியாக உங்களிடம் வாய்விட்டுக் கேட்டது என்ன?

யோசிக்கிறீர்களா? யோசிக்க வேண்டியிருக்கிறதா?