இஞ்ஞாசியின் பழுப்புச் சீசா

சிங்கப்பூரின் சுகாதார வரலாற்றை யாராவது எழுத முன்வந்தால், மாதா கோயில் முதலுதவிப் படையின் செயலாளர் இஞ்ஞாசி அவர்களுக்கு அதில் முழுசாக ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். அறுபதுகளின் ஆரம்பத்தில் ஃபேரர் பார்க் பக்கம் எந்தக் குழந்தைக்கு முட்டி பெயர்ந்தாலும், பழுப்புச் சீசாவும் பஞ்சுமாக அவர் ஆஜராகிவிடுவார். டிங்சர் அயோடின் படாத தோலை நம்பக் கூடாது என்பது அவருடைய 'விஞ்ஞானக் கொள்கை'. கொசுக்கடிக்கும் அதுதான், சட்டிச் சூட்டுக்கும் அதுதான்.

இப்பேர்ப்பட்ட மேதையை மணந்த பாக்கியசாலி அல்போன்சம்மாள். கோயில் பாடகர் குழுவில் உச்சக் குரல் அவளுடையது. ஒரு வருடம் அந்தக் குரல் கரகரத்தது. முகம் உப்பியது. சிங்கப்பூர் வெயிலில் கம்பளிச் சட்டை கேட்டாள். ஜெபமாலையின் நடுவில் குறட்டை விட்டாள். தைராய்டு சுரப்பி சோம்பிவிட்டதென்று டாக்டர் சுப்பிரமணியம் மாத்திரை கொடுத்தார். குரல் மெல்ல ஏறி வந்தது. கிறிஸ்துமஸ் பூசையில் தனிப்பாட்டு அவளுக்கே என்று குழுத் தலைவர் அந்தோனி வாக்குக் கொடுத்தார். அதற்காகவே அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரையை விழுங்கினாள்.

பிறகு ரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்தது.

"செயலாளர் பொண்டாட்டி கையில கிருமி இருந்தா மானக்கேடு லா" என்று இஞ்ஞாசி, கிளம்புமுன் அவளுடைய இரண்டு கைகளிலும் டிங்சரைத் தாராளமாகப் பூசிவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த சீன நர்ஸ் அந்தச் செம்பழுப்பைப் பார்த்துச் சொக்கிப்போனாள். "இனாய்! சந்தெக் லா!" என்றாள் மலாயில். மருதாணி அழகாக இருக்கிறதாம்.

முடிவு எக்கச்சக்க உயரத்தில் வந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார், குரல் இறங்கியது. அடுத்த பரிசோதனையின்போது இஞ்ஞாசி ஜோகூரில் ஒரு முகாமில் இருந்தார். கையில் பூச்சு இல்லை. முடிவு அதலபாதாளம். மாத்திரை ஏறியது. அதற்கடுத்த முறை இஞ்ஞாசி ஊரில் இருந்தார். முடிவு மறுபடி ஆகாயத்தில். மாத்திரை அடியோடு நிறுத்தப்பட்டது.

"உங்க ரத்தத்துக்கு ஒரு நிலையான புத்தி இல்லம்மா" என்று டாக்டர் மனம் நொந்தார்.

விஷயம் 'பொதுநலம் சார்ந்தது' என்பதால் முதலுதவிப் படை இஞ்ஞாசி வீட்டில் அவசரமாகக் கூடியது. டுரியான் பழம் தின்ற சூடு என்றார் ஒருவர். பஸ் குலுக்கலில் ரத்தம் கலங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். கிருமியின் சதி என்று படைத் தலைவர் முடிவு கூறினார். இனி இரண்டு பூச்சு என ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"எனக்குத் தூக்கம் தூக்கமா வருதுங்க" என்றாள் தேநீர் கொண்டு வந்த அல்போன்சம்மாள்.

"அதைக் குறிப்புல ஏத்த முடியாது. நீ உறுப்பினர் இல்ல" என்றார் இஞ்ஞாசி.

பாடகர் குழு அந்தோனியும் வந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தனிப்பாட்டை பிரிஜட்டுக்குக் குடுத்துட்டேன். நீங்க ஆம்பளைங்க வரிசையில நில்லுங்க. அங்க ஒரு தடிச்ச குரல் குறையுது."

அவர் போனதும் அல்போன்சம்மாள் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைகூட ஆண் குரலில் வந்தது.

அடுத்த பரிசோதனைக்கு இஞ்ஞாசி இரண்டு பூச்சுப் பூசி அனுப்பினார்; அந்தக் கையோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேராக டாக்டரிடம் போனாள்.

"டாக்டர், இந்த டெஸ்ட்ல அப்படி என்னத்தைத்தான் அளக்குறாங்க?"

இத்தனை மாதமாக யாருக்கும் தோன்றாத கேள்வி. டாக்டர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். "ரத்தத்துல இருக்குற அயோடினைம்மா. அதை வச்சுத்தான் சுரப்பி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றோம்."

அல்போன்சம்மாள் கையை மேசைமேல் நீட்டினாள். டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார். டிங்சர் அயோடின் வாடை குப்பென்று அடித்தது.

"இது... மருதாணி இல்லையா?"

டிங்சர் நின்றது. மாத்திரை திரும்ப வந்தது. கிறிஸ்துமஸை பிரிஜட் பாடிவிட்டாள். ஈஸ்டர் பூசையில் அல்போன்சம்மாளின் குரல் கோயில் கூரையைத் தொட்டது. சாமியாரே நிமிர்ந்து பார்த்தார்.

மறுவாரம் முதலுதவிப் படையின் ஆண்டு விழா. 'பரிசோதனையில் டிங்சரின் பங்கைத் தம் இல்லத்திலேயே ஆராய்ந்து நிரூபித்த' செயலாளர் இஞ்ஞாசிக்கு ஆளுயர மாலை விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை. குரல் திரும்பிய கதையைச் சொல்லி நன்றி கூறும்படி அல்போன்சம்மாளை மேடைக்கு அழைத்தார்கள்.

அவள் மைக்கை ஒதுக்கி வைத்தாள். இப்போது அது தேவைப்படவில்லை.

"என் குரல் திரும்பி வந்ததுக்கு மாத்திரை காரணம். அது காணாமப் போனதுக்குக் காரணமானவருக்குத்தான் நீங்க இப்ப மாலை போட்டிருக்கீங்க."