காளானுக்குப் பூசணம்

நாலாம் நாள் காலையில் ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்துப் பார்த்த சென்னகேசவன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். டீயில் மிதந்த வெள்ளை வட்டத்தின் மேல், சுண்டைக்காய் அளவுக்குப் பச்சையாக ஒரு பொட்டு.

"ராமாமணி, இங்க வா. இது என்னன்னு பாரு."

மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பூசணமுங்க."

"அட, இது மொத்தமுமே பூசணந்தான். காளான்னா பின்ன என்ன? இதுல நல்ல பூசணம் எது, கெட்ட பூசணம் எதுன்னு கேக்கறேன்."

"பூசணத்துல நல்லதை நான் பாத்ததில்லீங்க. ஊறுகாயில வந்தா வழிச்சுக் கொட்டிப்போடுவேன்."

கொட்டுகிற சரக்கா இது? மில் மேனேஜர் அழகிரிசாமி ஜெர்மனியில் ஆறு மாதம் மெஷின் பயிற்சி முடித்துவிட்டு, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த டீக்காளான். சர்க்கரை போட்டு ஆறவைத்த டீயில் இதை மிதக்க விட்டால், ஒரு வாரத்தில் டீ புளித்துவிடும். தினம் ஒரு டம்ளர் குடித்தால் நூறு வயது நிச்சயம் என்று அந்த ஊர் ஃபோர்மன் ஒருவர் சொன்னாராம். கொண்டுவந்து ஒரு மாதம் ஆவதற்குள் மேனேஜருக்குப் பத்து நாள் பம்பாய் வேலை வந்துவிட்டது. அவர் மனைவி வரலட்சுமி, "எனக்கு இதெல்லாம் பாத்துக்க வராதுங்க. நம்ம சைசிங் மேஸ்திரிகிட்டக் குடுங்க. பூசணத்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா?" என்று கையைக் கழுவிக்கொண்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. சைசிங் என்று பாவு நூலுக்கு ஏற்றும் கஞ்சியில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருடமாகச் சென்னகேசவனின் வேலை. ஐப்பசி மழையில் மற்ற மில்களின் பாவெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். இவருடைய பாவில் ஒரு புள்ளி காட்டிவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மீசை இன்னும் இருக்கிறது.

"இதை உசுரோட காப்பாத்திக் குடுங்க, கருமத்தம்பட்டி விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லித்தான் மேனேஜர் ஜாடியை நீட்டினார். கருமத்தம்பட்டியில் புதிதாக ஒரு சைசிங் கூடம் திறக்கப் போகிறார்கள். அதன் தலைமைப் பொறுப்பைத் தவிர சென்னகேசவனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

"எங்கிட்ட உட்டுட்டீங்கல்ல? நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர், இன்றைக்கும் நிமிர்த்தியபடியே ஒரு ஸ்பூனை எடுத்தார்.

"பச்சையை மட்டும் நைசா வழிச்சுட்டாத் தீந்தது."

பச்சை வந்தது. கூடவே அதன் அக்கம்பக்கமும் வந்தது. வட்டத்தின் நடுவில் வடைக்குப் போட்டதுபோல் ஓட்டை.

"ஓட்டை உளுந்துபோச்சுங்களே!"

"உளுந்தா உளுவுது. காளானுக்கும் காத்தோட்டம் வேண்டாமா?"

மறுநாள் பார்த்தால் ஓட்டையைச் சுற்றிலும் பச்சை. அவர் கொடுத்த காத்தோட்டம் பூசணத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தது. மில்லுக்குப் போனதும் உதவியாளர் பீர் முகம்மதைத் தனியாக அழைத்தார்.

"பாய், நம்ம கஞ்சியில கலக்கற பூசண மருந்துல ஒரே ஒரு சொட்டு உட்டுப் பாத்தா என்ன?"

பீர் முகம்மது கஞ்சி கிளறுவதை நிறுத்தினார். "மேனேஜர் குடிக்கற டீயிலீங்களா?"

"ஆமா."

"உங்களைக் கருமத்தம்பட்டிக்கு அனுப்ப மாட்டாங்க மேஸ்திரி, சென்ட்ரல் ஜெயிலுக்குத்தான் அனுப்புவாங்க. நூலுல பூசணம் வந்தா மொதல்ல நாம என்ன பண்றோம்? வெயில்ல போடறோம். அதைச் செய்யுங்க."

இருபது வருட அனுபவஸ்தனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று சென்னகேசவனுக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் வெள்ளைத் துணியை விரித்து, அதில் காளானைப் பதமாக எடுத்துப் போட்டார்.

"நான் காவலுக்கு இருக்கட்டுங்களா?" என்றாள் ராமாமணி.

"எதுக்கு? காளானை எவன் திருடப் போறான்? வந்து ஜாடியைக் கழுவு."

ஜாடி பாதி கழுவியாகும்போது மேலே காகங்களின் கூச்சல் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பாதிக் காளான் அதற்குள் எதிர்வீட்டு ஓட்டின் மேல் இருந்தது. மீதிப் பாதிக்கு மூன்று காகங்கள் அடித்துக்கொண்டிருந்தன. அவர் வீசிய செருப்பு பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய் விழுந்தது. துணியில் பொடி கூட மிச்சமில்லை. ஜெர்மனிச் சரக்கைக் கோயமுத்தூர்க் காகங்கள் இவ்வளவு ஆசையாகத் தின்னும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"நடந்ததைச் சொல்லிப்போடலாமுங்க" என்றாள் ராமாமணி.

"காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னா? ஒரு காளானைப் பாத்துக்கத் தெரியாதவன் ஒரு கூடத்தை எப்படிப் பாத்துக்குவான்னு கேக்க மாட்டாரா?"

பயம் ஒரு காப்பி குடிக்கும் வரைதான். பிறகு மேஸ்திரி எழுந்துவிட்டார். பாலைச் சுண்டக் காய்ச்சி, தடித்த ஏட்டை வழித்து டீயில் போட்டார். அது கரைந்து, டீ நல்ல பால் டீயாகிவிட்டது. அடுத்ததாகச் சப்பாத்தி மாவுக்குக் கை நீட்டியபோது ராமாமணி தடுத்தாள்.

"வெள்ளையா, வட்டமா, வழவழன்னு, டீயில கரையாம இருக்கோணும். அவ்வளவுதானுங்களே? இளநி வழுக்கை போடுங்க."

கலியாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் மனைவியை அப்படிப் பார்த்ததே இல்லை.

மூன்று காய்களில் வழுக்கை கிழிந்தது. நாலாவது காயில் முழுசாக வந்தது. புது டீ போட்டு ஆறவைத்து, புளிப்புக்குப் பழைய சோற்றுத் தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு, வழுக்கையை மிதக்க விட்டார்கள். நாலு நாளில் ஜாடி பார்க்க வெகு லட்சணமாக ஆகிவிட்டது. பச்சைப் பொட்டு வரவே இல்லை.

"பாத்தியா? எங்கிட்ட வந்த பொருள் கெடாது" என்றார் சென்னகேசவன். அதை மனதார நம்பியும் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் பங்களாவில் அழகிரிசாமி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்குதுங்களே?"

"வளந்திருக்குதுங்க."

டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்த மேனேஜர் கண்ணை மூடினார். சென்னகேசவன் திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். மேனேஜர் இன்னும் கண்ணைத் திறக்காததைப் பார்த்து மீசையையும் சேர்த்துக்கொண்டார்.

"அட அட அட! ஜெர்மனியிலகூட இந்த ருசி வரலீங்க மேஸ்திரி. நீங்க கைராசிக்காரர். திங்கக்கெழமை கருமத்தம்பட்டிக்குப் போயிப் பொறுப்பை எடுத்துக்குங்க!"

எப்படிக் கும்பிட்டார், எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து வரலட்சுமி வேகமாக வந்தாள். கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்ணா, ஜாடியில மெதக்கறது என்னதுங்க?"

சென்னகேசவன் மீசையைத் தடவிக்கொண்டார். "கா... காளானுங்க."

"எங்கிட்டயேவா?" என்றாள் வரலட்சுமி. "அவரு கொண்டாந்த காளான் மேல நான் கொதிக்கக் கொதிக்க டீயை ஊத்திக் கொன்னுபோட்டேனுங்க. உங்ககிட்டக் குடுத்துவிட்டது நான் சுட்ட ஆப்பமுங்க!"